நேற்று என் கனவில் வந்தீர்கள்

அந்த அம்மாளுக்குக் கலை ரசனை கிடையாது என்கிறார்களே, அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். கட்டிய புருஷன் ஆயுசில் ஒரே ஒரு ஓவியக் கண்காட்சி வைக்கிறார், குடியிருப்பே கூடிக் கைதட்டுகிறது, இவள் மட்டும் பாதியில் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள், வயிற்றெரிச்சல், வேறென்ன என்று தரைத்தள மருந்துக் கடையில் ஒருவர் சொல்ல, மாடிப்படியில் இன்னொருவர் அதற்குக் கை கால் வைக்க, தண்ணீர் லாரி வந்து சேர்வதற்குள் அது மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது. வயிற்றெரிச்சலாம். ஆறு வருஷம் அந்த மனிதரின் கனவுகளுக்குத் தூரிகை கழுவிக் கொடுத்தவளுக்கு எரிவதற்கு வயிறு மிச்சம் இருந்ததே பெரிய காரியம். ரசனை இல்லையாம். நூற்று நாற்பத்து மூன்று படங்களையும் முன்னாலும் பின்னாலும் தூசு தட்டியவள் அவள். பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் குடியிருப்பில் வேறு யாராவது திருப்பிப் பார்த்ததுண்டா?

அவள் கட்சி பேசுவதற்கு முன்னால், அவர் எந்த இனம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அரிய இனம் ஒன்றும் இல்லை. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். கொஞ்சம் தேடினால் உங்கள் குடும்பத்திலேயே கிடைக்கும்.

கனவு காணாதவர் யார்? நாமெல்லாம் காண்கிறோம், கண்டுவிட்டு எழுந்து, முகம் கழுவும்போது அதையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். கண்டதை அடுத்தவரிடம் சொல்கிறவர்கள் இரண்டாவது வகை. பேருந்தில் இவர்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நின்றுகொண்டே போவது உடம்புக்கு நல்லது. மூன்றாவது வகைதான் நாம் பேச வந்தது. கண்டதைப் படமாக வரைந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, நம்மை இழுத்துவந்து அதன் எதிரே நிறுத்தி, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டு, நமக்கு ஏதாவது தோன்றி வாயைத் திறப்பதற்குள் "அது இல்ல" என்று சொல்லிவிடுகிறவர்கள். கனவோவியர்கள். பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். வேறு யாருக்கு அதற்கு நேரம்?

நம்முடைய கனவோவியருக்கு முத்திரை சார் என்று பெயர் நிலைத்துப் போயிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். அவர் குத்தாத கல் வெறும் கல். ஓய்வு பெற்ற மறுவாரம், மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் திடுக்கென்று எழுந்து, கையில் கிடைத்த காகிதத்தில், பாதி திறந்த அலமாரிக்குள் கடல் இருப்பதாக ஒரு படம் வரைந்தார். அலமாரி நன்றாகவே வந்திருந்தது; நேர்கோடு போட அவருக்கு வரும். கடல்தான் கொஞ்சம் கசங்கியிருந்தது. மனைவி எட்டிப் பார்த்து, போர்வை தத்ரூபமாக இருக்கிறது என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது, தன்னைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உலகத்துக்கு இன்னும் வரவில்லை என்று. ஒருவர் கலைஞர் ஆவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கனவோவியர் வீட்டில் பொழுது எப்படி விடியும் தெரியுமா? சத்தமில்லாமல் விடியும். கண் விழித்ததும் அவர் செய்கிற முதல் காரியம், போக்குவரத்துக் காவலர் மாதிரி வலது கையை உயர்த்துவது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். கனவு என்பது விளிம்பு வரை நிறைந்த பாத்திரமாம். தலையைத் திருப்பினால் சிந்திவிடுமாம். ஆகவே கழுத்தை அசைக்காமல், கண்ணைப் பாதி மூடியபடி, சுவரைத் தடவிக்கொண்டே மேசைக்குப் போவார். வழியில் கால் இடறாமல் நாற்காலியை நகர்த்துவது, பென்சிலைக் கையில் வைப்பது, மூக்குக்கண்ணாடியை மூக்கில் ஏற்றுவது எல்லாம் மனைவியின் பொறுப்பு. அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. பால்காரர் பூனை மாதிரி கதவைச் சுரண்டக் கற்றுக்கொண்டார். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. ஒரே ஒருநாள் மறதியாக அடித்துவிட்டது. அந்த ஒற்றை விசில் ஒரு நதியையும் அக்கரையில் மேய்ந்த இரண்டு ஒட்டகங்களையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் அவள் திறந்த பாத்திரத்தில்தான் சோறு வடித்தாள்.

அவளும் வேலைக்குப் போகிறவள் என்பதைச் சொல்ல வேண்டும். துணி ஆலை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற நானூறு பேருக்கும் நேரம் குறிக்கிற வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். ஆகவே வீட்டுச் சங்கதி அத்தனையையும் கைஜாடையிலேயே சொல்லிவிட்டுப் போவாள். எரிவாயு தீர்ந்ததைச் சொல்லலாம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். நாத்தனார் ஊரிலிருந்து வருகிறார் என்பதை ஜாடையில் சொல்லிப் பாருங்கள். அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைக் காண்டாமிருகம் என்று எடுத்துக்கொண்டு அன்றைய படத்தில் சேர்த்துவிட்டார். மதியம் தங்கை வந்து இறங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. படத்தில் இருந்து காண்டாமிருகம் நீக்கப்படவில்லை.

இன்னொரு ரகசியம். அவருக்குக் கை வரையத் தெரியாது. மனிதக் கை, ஐந்து விரலோடு கூடியது, எத்தனை முயன்றாலும் வாழைச் சீப்பாகவே வந்து நின்றது. நீங்களோ நானோ என்றால் வெட்கப்பட்டுப் பழகியிருப்போம். கனவோவியர் அப்படியெல்லாம் இறங்கிவர மாட்டார். கனவில் யாருக்கும் கை இருப்பதில்லை என்று ஒரு தத்துவத்தைச் சொல்லி, அதை மருந்துக் கடைக்காரரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். அதனால்தான் அவர் படங்களில் இருக்கிற அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோ, சட்டைப்பையில் விட்டுக்கொண்டோ, முழங்கை வரை மூடுபனியில் அமிழ்ந்தோ நிற்கிறார்கள். குதிரைகள் எப்போதும் உயரமான புல்லில். குளம்பு கஷ்டம்.

படத்தின் முன் நின்று, இது படகா என்று கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "படகு மாதிரி இருக்கும். படகு இல்ல." அப்படியென்றால் என்ன? "எனக்கே தெரியாது. நான் வரையல, அதுவா வந்துச்சு." சரி, இதற்கு என்ன பொருள்? "கனவுக்குப் பொருள் கேக்கக் கூடாது." இப்படிச் சொன்ன கையோடு நாற்பது நிமிஷம் பொருள் சொல்வார். அது எங்கள் வீடுதான் ஆனால் எங்கள் வீடு இல்லை, அது நீங்கள்தான் ஆனால் உங்கள் முகம் இல்லை, நான் ஓடுகிறேன் ஆனால் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது, நாம் நின்றுகொண்டிருக்கிறோம் ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் எல்லாக் கனவோவியருக்கும் பொது. முத்திரை சாருக்கே உரியது ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் கனவு கண்ட தேதி, விழித்த நேரம், எந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார், அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று எல்லாம் எழுதி, அடியில் ஒரு ரப்பர் முத்திரை குத்துவார். சொல்லிச் செய்த முத்திரை. 'கனவில் கண்டவாறே வரையப்பட்டது. கூட்டலோ குறைத்தலோ இல்லை.' உலகத்தில் கனவுப் படம் வரைகிறவர்கள் எல்லாம் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டுகிறார்கள், கனவை எடை குறையாமல் தருவது தான் ஒருவர்தான் என்பது அவர் கட்சி. காண்டாமிருகத்துக்கும் குத்தினார்.

முதல் இரண்டு வருஷம் குடியிருப்பு அவரைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது வருஷம் ஒருநாள் அவர் மருந்துக் கடைப் படியில் நின்று, கடைக்காரரிடம், "நேத்து என் கனவுல வந்தீங்க" என்றார். அன்றோடு சிரிப்பு நின்றது.

சொல்லுங்கள், இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கால் நிற்காதவர் யார்? கடைக்காரருக்கு வாசலில் ஏழு பேர் மருந்துச் சீட்டோடு நிற்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எப்படி வந்தேன், என்ன சட்டை போட்டிருந்தேன், ஏதாவது சொன்னேனா என்று துருவித் துருவிக் கேட்டார். முகத்துக்குப் பதில் கடிகாரத்தோடு, ஏரியின் நடுவில், கையில்லாமல் நின்றாராம். அடுத்த வாரம் அந்தப் படம் இருமல் மருந்து அலமாரிக்கு மேலே தொங்கியது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் அதைக் காட்டினார். மணி என்ன என்று கேட்டால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டாமல் இதைக் காட்டி, "நான்தான்" என்றார்.

அதன்பின் கனவில் வருவது ஒரு பதவி ஆகிவிட்டது. ஒருமுறை வந்தவர்கள், இரண்டு முறை வந்தவர்கள் என்று படி உண்டாகிவிட்டது. எங்கிருந்தோ ஒருநாள் பழுது பார்க்க வந்த லிஃப்ட்காரர் நான்கு படங்களில் வந்துவிட்டார். சம்பந்தமே இல்லாத ஆளுக்கு இவ்வளவா என்று படியேறும் இடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டாம் மாடி ஓய்வு பெற்ற வங்கிக்காரரின் பாடுதான் பரிதாபம். அவர் வரவே இல்லை. எதிரே பார்த்தால் சிரித்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். தான் படித்து முடிக்குமுன்னே நாளிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழமும் வந்தது. ஆரஞ்சு வந்த நான்காம் நாள் அவர் ஒரு விளக்குக் கம்பமாகக் கனவில் வந்தார். விளக்குக் கம்பம்தானா என்று அவர் வருத்தப்படவில்லை. எரிந்தேனா என்று மட்டும் கேட்டார். எரிந்தார் என்று தெரிந்து நிம்மதியானார்.

இப்படி எல்லோரும் வந்துகொண்டிருந்தபோதுதான் மருந்துக் கடைக்காரரின் மனைவி, துணி காயப்போட்ட இடத்தில், விகல்பம் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் இருக்காங்களே, நீங்க எந்தப் படத்துலக்கா இருக்கீங்க?"

முத்திரை வீட்டம்மா சிரித்து மழுப்பினாள். மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, விடுமுறை நாள் மதியம், சார் தொழிலில் இருக்கும்போது, அதாவது குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரமாக அடுக்கிப் பார்த்தாள். அவ்வளவு நாளும் துடைத்தாளே தவிரத் தேடியதில்லை. முகம் இல்லாவிட்டால் போகட்டும், தன் புடவை, தன் மூக்குக்கண்ணாடி, ஆலைக்கு எடுத்துப் போகிற துணிப்பை, ஏதாவது ஒரு மூலையில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். பால்காரர் இருந்தார். ஆடு இருந்தது. நாத்தனார் காண்டாமிருகமாக இருந்தாலும் இருந்தாள். வாயடைக்கப்பட்ட குக்கர்கூட இரண்டு படத்தில் கப்பலாக மிதந்தது.

அவள் இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுக்கு இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஆலை வாசலில் அவள் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: வந்தவரை வந்தார் என்று குறிப்பது. குறிக்காமல் விட்டால், அந்த ஆள் நாள் முழுக்க உள்ளே நின்று உழைத்திருந்தாலும் அன்றைக்கு அவர் வரவில்லை என்றுதான் அர்த்தம். யாரையும் அப்படி விட்டுவிடக் கூடாது என்று மழையிலும் காய்ச்சலிலும் வாசலில் உட்கார்ந்தவள் அவள். அப்படிப்பட்டவள் முப்பத்தோரு வருஷம் ஒரு வீட்டுக்குள் இருந்திருக்கிறாள், வந்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நான் ஒரு தடவகூட வரலியா?"

தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "எங்க?" என்றார்.

"கனவுலதான்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்; அந்த மனிதர் மேல் அபாண்டம் சொல்லக் கூடாது. கண்ணை மூடி, ஆறு வருஷத்துக் கனவையும் ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் சொன்னார். "வந்ததா ஞாபகம் இல்லியே."

"ஓரமாகூட?"

"இல்லம்மா. வந்திருந்தா போட்டிருப்பேன்ல. வராததப் போட்டா அப்புறம் முத்திரைக்கு என்ன மதிப்பு இருக்கு?"

"குக்கர் வந்திருக்கு."

"ஆமா, குக்கர் வந்துச்சு" என்றார் அவர். "ரெண்டு தடவ."

எப்பேர்ப்பட்ட நேர்மை பார்த்தீர்களா? கட்டிய மனைவி என்றும் பார்க்காமல் உண்மையைச் சொல்கிற நேர்மை. இந்த மாதிரி நேர்மைக்காரர்களைக் கவனித்திருக்கிறேன்; அவர்களுடைய தராசு வெளியே வளைந்து கொடுக்கும், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் முள் அசையாது.

அவள் விடவில்லை. தூங்குவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பதுதான் கனவில் வரும் என்று மருந்துக் கடைக்காரர் மனைவி எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். ஐம்பத்தெட்டு வயசில், இருக்கிறதிலேயே பளிச்சென்ற பச்சைப் புடவையை உடுத்திக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருக்கக் கூச்சமாக இருந்ததால் துணி மடிப்பது மாதிரி பாவனை செய்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைக் கூசுகிறது, விளக்கை அணை என்றார். அணைத்தாள். மறுநாள் காலை கையை உயர்த்தியபடி எழுந்து போனவர் மேசையில் குனிந்து வெகுநேரம் வரைந்தார். அவள் ஆலைக்கு நேரமாவதையும் பொருட்படுத்தாமல் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். சுவிட்சை வரைந்திருந்தார். மிக நேர்த்தியாக, திருகாணி உட்பட.

இதற்கிடையில் கண்காட்சிப் பேச்சு எழுந்தது. கனவோவியர்களுக்கு வருகிற பருவம் அது. எல்லோருக்கும் ஒருநாள் வரும். குடியிருப்பில் ஒரு கூட்ட மண்டபம் உண்டு. அதன் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். செயலாளர் இடுப்பில் சாவிக்கொத்தோடே பிறந்தவர் மாதிரி நடப்பார். மண்டபம் பொதுக்குழுவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான், கனவுக்கெல்லாம் விதியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். முத்திரை சார் மூன்று முறை போய் மூன்று முறையும் படியிறங்கி வந்தார். நான்காவது முறை படியேறியவர், வாசலிலேயே நின்று, நேற்று என் கனவில் வந்தீர்கள் என்றார்.

என்ன படம் என்கிறீர்கள்! மலை உச்சி. உச்சியில் வெள்ளைக் குதிரை, உயரமான புல்லில். குதிரை மேல் செயலாளர். வழுக்கை விழுந்து பத்து வருஷமான அந்தத் தலையில் தோள் வரை புரளும் முடி, காற்றில் பறக்கிறது. செயலாளர் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு சாவியைக் கழற்றினார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டுவதற்குச் சீட்டு எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? ஆலையில் எழுதிப் பழகிய முத்து முத்தான எழுத்து. படத்தைத் திருப்புவது, பின்னால் இருக்கிற தேதியையும் நேரத்தையும் பார்த்துச் சீட்டில் எழுதுவது, முன்னால் வைப்பது. இப்படியே எழுதிக்கொண்டு வந்தவள் வெள்ளைக் குதிரையைத் திருப்பியதும் நின்றாள். பதினேழாம் தேதி. விழித்த நேரம் ஐந்து இருபது. இடது பக்கம் ஒருக்களித்து. கீழே முத்திரை.

நானூறு பேருடைய வருகையைத் தேதியோடு நினைவு வைத்திருக்கிறவளுக்குப் பதினேழாம் தேதி தெரியாதா? கடைவாய்ப் பல் வலி என்று அவர் பொட்டுக் கண்ணை மூடவில்லை. வெந்நீர்ப் பையைக் கன்னத்தில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஐந்து இருபதுக்கு அவர் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை, கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவளுக்குக் கோபம் வந்தது என்றுதானே? அந்தக் குடியிருப்பும் அப்படித்தான் நினைக்கிறது. அவளுக்குக் கோபம் துளியும் வரவில்லை. சந்தோஷம் வந்தது. முகம் மலர்ந்துபோனது. வராதவரையும் வரையலாம் போலிருக்கிறதே! முத்திரையும் குத்தலாம் போலிருக்கிறதே! இத்தனை நாள் கதவு பூட்டியிருக்கிறது என்று நினைத்து வெளியே நின்றவளுக்கு, சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த மாதிரி. படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"பதினேழுன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு உங்களுக்குப் பல்லு வலிங்க. தூங்கவே இல்ல."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அது ஹாலுக்காகப் போட்டது. உனக்குத் தெரியாதா? அந்தாளு வேற எதுக்குப் படிவாரு?"

"நான் தப்பு சொல்லலிங்க. நல்லாதான் இருக்கு." அவள் படத்தை மேசையில் சாய்த்து வைத்தாள். "என்னையும் அதே மாதிரி ஒண்ணு போட்டுடுங்களேன். சின்னதா இருந்தாகூடப் போதும். கை வேண்டாம்."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை எதையோ கேட்டால் சிரிப்போமே, அது.

"உன்னை எதுக்கும்மா போடணும்? உன்கிட்ட எனக்கு என்ன காரியம் ஆகணும்? நீ இங்கயேதான இருக்க. பக்கத்துல இருக்கிறவளப் போயி யாராவது கனவு காணுவாங்களா? இல்லாதவங்கதான் கனவுல வருவாங்க."

"சரிங்க" என்றாள் அவள். மீதி நாற்பது சீட்டுகளையும் உட்கார்ந்து எழுதி முடித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. வெள்ளைக் குதிரைக்கும் பதினேழு, ஐந்து இருபது என்றே எழுதினாள்.

ஞாயிறு மாலை கண்காட்சி. மண்டபம் நிறைந்துவிட்டது, படம் பார்க்க அல்ல, தன்னைப் பார்க்க. ஒவ்வொருவரும் தன் படத்தின் எதிரே மட்டும் போய் நின்றுகொண்டார்கள். வங்கிக்காரர் விளக்குக் கம்பத்தை விட்டு நகரவில்லை. செயலாளர் தலைமை உரையில் கனவைப் பற்றி இரண்டு வார்த்தையும் குதிரையைப் பற்றிக் கால் மணி நேரமும் பேசினார். பிறகு முத்திரை சார் ஒலிபெருக்கியைப் பிடித்து, குரல் தழுதழுக்க, இது தன்னுடைய கண்காட்சி இல்லை, தன் கனவுக்கு வந்துபோன உங்கள் கண்காட்சி என்று சொன்னார். கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எந்தக் கலைஞர் ஒலிபெருக்கி கையில் இருக்கும்போது உட்கார்ந்திருக்கிறார்? "என் படங்கள்ல இருக்கிற எல்லாரும் மேடைக்கு வரணும். ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கலாம்."

மொத்தக் குடியிருப்பும் எழுந்தது. மருந்துக் கடைக்காரர் எழுந்தார், அவர் மனைவி எழுந்தாள், போன மாதம்தான் ஒரு குடத்துக்குள் அவள் வந்திருந்தாள். பால்காரர் எழுந்தார். லிஃப்ட்காரர், நான்கு முறை வந்தவர் என்ற தோரணையோடு, நடுவில் போய் நின்றார். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் ஏறினாள். அவளுக்கு எந்தப் படம் என்று நல்லவேளையாக யாரும் சொல்லவில்லை. நூறு நாற்காலியும் காலி. நாலாவது வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டுடியோக்காரர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா, படத்தில் உங்கள் தலை விழுகிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றார். அவள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இன்னும் விழுகிறது என்றார். மேலும் இரண்டு நாற்காலி. இப்போது தோள் விழுகிறதாம். அவள் தள்ளித் தள்ளிப் போய் வரிசையே தீர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் கதவுதான். மேடையிலிருந்து, ஒலிபெருக்கி இன்னும் கையில் இருந்ததை மறந்து, அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இந்தா, ரெண்டு நிமிஷம் வெளியில நின்னுக்கோயேன்."

அவள் வெளியில் நின்றுகொண்டாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார் என்பதற்காக. படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார்கள். வராமல் என்ன?

கண்காட்சிக் கையேட்டில் முத்திரை குத்திக் கொடுக்கச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டதால், ரப்பர் முத்திரையை எடுக்க அவர் வீட்டுக்கு மாடியேறி வந்தார். அவள் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்க அக்கா வீட்டுக்கு."

"இன்னிக்கா? சரி, எப்ப வருவ?"

"இல்லாதவங்கதான் கனவுல வருவாங்கன்னீங்கல்ல" என்றாள் அவள். குரலில் சூடு இல்லை. ஆலை வாசலில், நாளைக்கு வேலை உண்டா என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்கிற குரல். "இல்லாம இருந்து பாக்கறேன்."

அவர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே மண்டபத்திலிருந்து சார், சார் என்று கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் நின்றார் என்றே சொல்ல வேண்டும், குறைத்துச் சொல்லக் கூடாது. பிறகு, வருகிறேன், வருகிறேன் என்று குரல் கொடுத்தபடி அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டார். அவள் கதவைச் சாத்தி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, மெதுவாக இறங்கிப் போனாள்.

இவளுக்குத்தான் ரசனை இல்லை என்கிறார்கள்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் படம் வரைகிறவன் இல்லை, வீட்டில் தூரிகையே கிடையாது, எனக்குக் கனவுகூடச் சரியாக வருவதில்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாகக் கண்ட கனவை நினைத்துப் பாருங்கள். பழைய மேலதிகாரி வந்தாரா? பள்ளிக்கூடத்தில் உங்களை அடித்தவன் வந்தானா? பேருந்தில் ஒரே ஒருநாள் பார்த்த முகம் வந்ததா? எல்லோரையும் விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு, யார் வரவில்லை என்று பாருங்கள். வேறெங்கும் தேட வேண்டாம், அடுத்த அறையில்தான் இருப்பார். துணி மடித்துக்கொண்டிருக்கிறாரா, செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்று எழுந்து போய் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்களேன்.